இளங்கிளியை வீட்டில் அமர்த்துதலும், பிற பறவைகளுடன் சேர்த்தலும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

குடியானவன் வீட்டுப் பறவை யாதென்று கேட்டால், கோழி என்பதே நம்மவர் விடையாகும். ஆயினும் சமீப வருஷங்களில் நகரத்துக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் அயல்நாட்டுக் கிளி வகைகள் தாராளமாய் விற்கப்படுகின்றன. குழந்தைகளின் ஆசைக்காக ஒன்றிரண்டு வாங்குவோரும், குஞ்சு பொரிக்கச் செய்து விற்றுச் சிறிது உபரி வருமானம் பெற விரும்புவோரும் இப்போது கிராமங்களிலும் உளர். விவசாயப் பத்திரிகையில் கிளிக்கு என்ன இடமென்று சிலர் வினவலாம். கோழிகள் உலவும் முற்றத்திலேயே கிளிக்கூண்டும் தொங்குமானால், ஒன்றின் நோய் மற்றொன்றின் நோயாகிவிடும். ஆகவே, இது கிளி வளர்ப்போரை மட்டுமன்றிக் கோழி வளர்ப்போரையும் சார்ந்த விஷயமாகும்.

புதிதாக வாங்கிய கிளிக்குஞ்சுகள் சில வாரங்களுக்குள் இறந்துபோவதுண்டு. வளர்ப்போருக்கு அன்பில்லாமையால் இது நேருவதில்லை. கொணர்ந்த அன்றே அக்குஞ்சைப் பழைய பறவைகளுடன் ஒரே கூண்டில் அடைக்கும் அவசரமே பல வீடுகளில் இதற்குக் காரணம். "தனியாய் விட்டால் ஏங்கிப்போகும்" என்று இரக்கங்கொண்டு செய்யும் அக்காரியம், வந்த குஞ்சுக்கும் முன்பிருந்த பறவைகளுக்கும் கேடாய் முடிகிறது. முதலில் தக்க இருப்பிடம், அடுத்துத் தனிவாசம், அதன் பின்னரே சேர்க்கை என்னும் வரிசையைத் தவறாது கடைப்பிடித்தல் வேண்டும். அவ்வரிசையை இங்கு விளக்குவோம்.

1. வளர்க்கத்தக்க கிளி

நமது தோப்புகளில் வாழும் பச்சைக்கிளியையும், அதனினும் பெரிதான பெரிய பச்சைக்கிளியையும் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தென்னை மட்டையை வெட்டும்போதோ, பட்டமரத்தைச் சாய்க்கும்போதோ இவற்றின் குஞ்சுகள் கீழே விழுந்து கிடைக்குமாயின், அவற்றை வனத்துறையினரிடம் ஒப்புவிப்பதே முறை. அயல்நாட்டு வகைகளிலும் சாம்பற்கிளி, மக்கா முதலிய பெரிய கிளிகளை வைத்திருப்போர் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

ஆகவே, புதிதாய்த் தொடங்குவோர்க்கு ஏற்றது ஆஸ்திரேலியா தேசத்தின் உள்நாட்டு வறள் நிலங்களைத் தாயகமாகக் கொண்ட கொண்டைக்கிளியே. கடைக்காரர்கள் இதனைக் 'காக்டெயில்' என்பர். இது வாலுடன் சேர்த்து ஏறக்குறைய ஓரடி நீளமும், 80 முதல் 100 கிராம் வரை எடையும் உள்ளது, சாந்த குணமுடையது, நன்கு பேணினால் 15 வருஷங்களுக்கு மேலும் வாழக்கூடியது. மாடு வாங்குவதைக் காட்டிலும் நீண்ட காலத்துப் பொறுப்பு இதுவென்பதை வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படுவன இக்கொண்டைக்கிளியையே முக்கியமாகக் குறிக்கும்.

குஞ்சு தானாகவே தானியத்தை உரித்துத் தின்னக் கற்ற பின்னரே அதனை வாங்க வேண்டும். பொரித்த பத்து வாரங்களுக்குள் பெரும்பாலும் இந்நிலை வந்துவிடும். கூழ் ஊட்டும் பருவத்துக் குஞ்சு மலிவாய்க் கிடைப்பினும், பழக்கமில்லாதோர் அதனை வாங்கலாகாது. கூழின் சூடு சிறிது மிகுந்தால் இரைப்பை வெந்துபோகும்; குறைந்தால் இரை செரியாமல் புளித்துவிடும். வாங்கும்போது கண்கள் தெளிவாயும், மூக்குத்துளைகள் உலர்ந்தும், மலத்துவாரத்தைச் சுற்றிய இறகுகள் சுத்தமாயும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இறகை உப்பிக்கொண்டு மூலையில் உறங்கும் குஞ்சை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்கலாகாது.

2. கூண்டு

ஒரு கொண்டைக்கிளிக்குக் கூண்டு 2 அடி நீளமும், 1½ அடி அகலமும், 2 அடி உயரமும் உடையதாய் இருத்தல் வேண்டும். இதற்குக் குறையலாகாது. கிளி மேலும் கீழுமாகப் பறப்பதன்று, பக்கவாட்டிற் பறப்பது. ஆதலால் உயரத்தைக் காட்டிலும் நீளமே பயன்படும். கோபுரம் போன்ற வட்டக் கூண்டுகள் பார்வைக்கு அழகாயினும் வாசத்துக்கு உதவா. கம்பிகளுக்கு இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படின் இளங்குஞ்சு தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளக்கூடும். இரண்டு பக்கங்களிலாவது கம்பிகள் படுக்கைவாட்டில் அமைந்திருப்பின் அலகாலும் காலாலும் பற்றி ஏறுவதற்கு வசதியாகும்.

கோழிக்கூண்டுக்கு வாங்கிய துத்தநாகப் பூச்சுள்ள வலையை அப்படியே கிளிக்கூண்டுக்கு உபயோகிப்பவர் உண்டு. கோழி கம்பியைக் கடிப்பதில்லை. கிளியோ நாள் முழுவதும் கடித்துக்கொண்டிருக்கும். புது வலையில் திரண்டு நிற்கும் துத்தநாகத் துணுக்குகள் வயிற்றிற் சென்றால் விஷமாகும். வேறு வலை கிடைக்காதவிடத்து, வினிகரைத் தொட்டு முரட்டுத் தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவி, சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டு, பின்னரே உபயோகிக்கலாம். பழைய பெயிண்டு உரியும் கூண்டும் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

உட்காரும் கொம்புகளுக்கு வேம்பு, கொய்யா ஆகியவற்றின் கிளைகள் சிறந்தவை. மருந்து தெளிக்காத மரத்திலிருந்து வெட்டி, கழுவி, வெயிலில் உலர்த்தி, அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை வெவ்வேறு பருமனுள்ளவற்றைப் பொருத்த வேண்டும். கடையில் விற்கும் வழுவழுப்பான ஒரே அளவுக் குச்சியில் எப்போதும் நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். அரளி, எருக்கு முதலிய நச்சுச் செடிகளின் கிளைகளை ஒருபோதும் வைக்கலாகாது. தீனிக் கலத்துக்கும் தண்ணீர்க் கலத்துக்கும் நேர் மேலே கொம்பு அமைந்தால் எச்சம் அவற்றில் விழும். இதனையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

3. கூண்டு வைக்கும் இடம்

கூண்டைச் சுவரோரமாக, மனிதர் மார்பளவு உயரத்தில் வைப்பது நலம். ஒரு புறமேனும் சுவர் இருந்தால் குஞ்சுக்கு அச்சம் குறையும். காலை வெயில் சிறிது படலாம். நடுப்பகல் வெயில் படலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரையின் கீழும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் கிளி வைப்பது அதனை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். வாயைத் திறந்து இளைத்து, சிறகுகளை உடலினின்றும் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் வெப்பம் தாங்கவில்லை என்று அறிந்து உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும்.

சமையலறையிற் கிளியை வைத்தல் பெருந்தவறு. அடுப்புப் புகை மட்டுமன்றி, ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லும் வாணலியும் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அவற்றினின்றும் எழும் ஆவி, மனிதர் அறியாமலே, சில நிமிஷங்களிற் கிளியைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட விரைவாகக் காற்றை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, பூச்சிமருந்து ஆகியவற்றின் புகையும் நாற்றமும் படாத இடமாய் இருத்தல் வேண்டும். பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கூண்டிருக்கும் அறையில் வைக்கும் வழக்கத்தை உடனே விட்டுவிடுக.

எலி, பூனை, பாம்பு ஆகிய மூன்றும் கிராமத்துக் கிளிக்கு இரவுப் பகை. கூண்டை மேசை மீது வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. கொண்டைக்கிளிக்கு மற்றொரு சுபாவமும் உண்டு. நள்ளிரவில் சிறு ஓசை கேட்பினும் திடுக்கிட்டு, இருளில் கம்பிகளில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும். ஆகையால் இரவில் ஒரு மங்கலான விளக்கை எரியவிடுவது அவசியம்.

4. முதல் வாரம்

வந்த நாளிலே தீனியை மாற்றலாகாது. விற்றவர் என்ன கொடுத்தாரோ அதையே ஒரு வாரம் கொடுத்து, பின்னர்ச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். நம் நிலத்திலே விளையும் தினை, கம்பு, சாமை, குதிரைவாலி ஆகியவை கொண்டைக்கிளிக்கு நல்ல தானியங்கள். இவற்றுடன் முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட் ஆகியவற்றையும் தினந்தோறும் கொடுத்தல் வேண்டும். வெறுந்தானியத்தில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. சூரியகாந்தி விதை கொழுப்பு மிகுந்தது. கையிலிருந்து கொடுத்துப் பழக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டிற் கட்டித் தொங்கவிடுக. அவகேடோ என்னும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, தேயிலை, உப்புப் பண்டம் இவை ஆகா.

சிறு தராசு ஒன்று வாங்கி, காலையில் தீனி வைக்குமுன் குஞ்சை நிறுத்து எடையைக் குறித்து வருதல் மிகவும் பயனுள்ள பழக்கமாகும். நோயுற்ற பறவை தன் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. தராசுக்கு மறைக்க அதனால் இயலாது. எடையிற் பத்தில் ஒரு பங்கு குறையுமாயின், வெளிக்குறி ஒன்றும் தோன்றாவிடினும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

5. தனிவாசம்

வீட்டில் வேறு பறவை ஏதேனும் இருப்பின், புதுக்கிளியை 30 முதல் 45 நாட்கள் வரை தனியறையில் வைத்தல் வேண்டும். அதே அறையின் மறுகோடியில் வைப்பது தனிவாசமாகாது. காற்றும் தூசியும் ஒன்றே. நோய்க்கிருமி உடலிற் புகுந்தும் சில வாரங்கள் வரை குறி தோன்றாமலிருக்கக்கூடும். அக்காலம் கழியும் வரை பொறுத்திருப்பதே இதன் நோக்கம்.

இக்காலத்தில் பழைய பறவைகளுக்கு முதலிலும், புதுக்கிளிக்குக் கடைசியிலும் பணிவிடை செய்ய வேண்டும். தீனிக்கலம், தண்ணீர்க்கலம், துடைக்கும் துணி எல்லாம் தனித்தனியே இருத்தல் வேண்டும். கிளியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கோழிக்குத் தவிடு பிசையலாகாது. கழுவிய நீரையும் மிஞ்சிய தானியத்தையும் கோழிகள் பொறுக்குமிடத்திற் கொட்டலாகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்போர், கோழிக்கழிச்சல் நோயின் சரித்திரத்தை நினைவிற் கொள்ள வேண்டும். 1927-ஆம் வருஷம் குமாவோன் மலைப்பிரதேசத்தில் ராணிக்கேத் என்னும் ஊரிற் காணப்பட்டமையால் இதற்கு 'ராணிக்கேத் நோய்' என்ற பெயருண்டு. இது கோழிக்கு மட்டும் உரியதன்று, கிளிகளையும் பற்றும். சில வகைக் கிளிகள் தாம் நோய்ப்பட்டவைபோல் தோன்றாமலே ஒரு வருஷத்துக்கு மேலும் இக்கிருமியை எச்சத்தில் வெளியேற்றியது ஆராய்ச்சியிற் கண்டறியப்பட்டது. 1971-ஆம் வருஷம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இந்நோய் பரவியபோது, இறக்குமதியான கூண்டுப்பறவைகளே அதைக் கொணர்ந்தவை என்று தெரியவந்தது. நோயை ஒழிப்பதற்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. ஒரு செல்வ நாடே அவ்வளவு இழந்ததென்றால், பத்துக் கோழிகளின் முட்டையைக் கொண்டு வீட்டுச் செலவைச் சரிக்கட்டும் குடும்பம் என்ன செய்யும்? கோழிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வதுடன், புதுக்கிளியைத் தனியே வைப்பதும் அக்குடும்பத்தின் காப்பாகும்.

மனிதரையும் பற்றக்கூடிய 'கிளிக் காய்ச்சல்' என்பது மற்றொன்று. 1929, 1930-ஆம் வருஷங்களில் தென்னமெரிக்கக் கிளிகளின் மூலம் பல நாடுகளில் இது பரவிற்று. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் உண்டாகும். ஆதலால் கூண்டின் அடித்தட்டை உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்த பின்னரே சுத்தம் செய்ய வேண்டும். கிளியுள்ள வீட்டில் யாருக்கேனும் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வறட்டிருமலும் கண்டால், வீட்டிற் கிளியிருப்பதை வைத்தியரிடம் தவறாது சொல்லுக. காலத்தில் அறிந்தால் எளிதில் தீரும் நோய் இது.

6. சேர்க்கும் முறை

தனிவாசம் முடிந்து, எடை குறையாமலும் எச்சம் சரியாயும் இருந்தால், மற்றொரு கொண்டைக்கிளியுடன் சேர்க்கத் தொடங்கலாம். இதனை நான்கு படிகளாகச் செய்தல் நலம்.

முதற்படி: இரண்டு கூண்டுகளையும் ஒரே அறையில், ஆறடி இடைவெளியில் ஒரு வாரம் வைக்க வேண்டும். ஒன்றன் குரலும் உருவமும் மற்றொன்றுக்குப் பழகட்டும். பழைய பறவைக்கே முதலில் தீனியும் பேச்சும் கொடுக்க வேண்டும். வந்ததைக் கொஞ்சி இருந்ததை மறந்தால் அங்கேயே பகைக்கு வித்திட்டதாகும்.

இரண்டாம்படி: நாளுக்குச் சிறிதாகக் கூண்டுகளை நெருக்கி, அரையடி வரை கொண்டுவரலாம். ஒட்டி வைக்கலாகாது, கம்பியைப் பற்றிய விரலை மறுபுறத்துப் பறவை கடித்துத் துண்டிக்கக்கூடும். இப்போது கொண்டையைப் பார்க்கப் பழகுக. கொண்டை நேராய் நிமிர்ந்திருந்தால் வியப்பு அல்லது அச்சம். பாதி சாய்ந்திருந்தால் அமைதி. தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால் சினம். இரண்டும் ஒரே நேரத்தில் தீனி தின்பதும், அருகருகே கொம்பில் உட்கார்ந்து இறகு கோதுவதும் நல்ல அடையாளங்கள்.

மூன்றாம்படி: இரண்டுக்கும் சொந்தமல்லாத ஓரிடத்தில், கதவையும் சன்னலையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டையும் வெளியே விட வேண்டும். முதல் நாள் பத்து நிமிஷம் போதும். சண்டை மூண்டால் வெறுங்கையை இடையில் நீட்டாமல், தடித்த துண்டைக் குறுக்கே போட்டுப் பிரிக்க வேண்டும். நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, ஒரு மணி நேரம் சச்சரவின்றி இருக்கும் வரை இதைத் தொடர வேண்டும். ஒன்று தலையைக் குனிந்து கொடுக்க, மற்றொன்று கோதிவிடுமாயின் நட்பு ஏற்பட்டதென்று கொள்ளலாம்.

நான்காம்படி: ஒரே கூண்டில் விடுதல். பழைய பறவையின் கூண்டில் புதியதை விடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. கூண்டு அதன் வீடு. அந்நியன் நுழைந்தால் அது பொறுக்காது. 3 அடிக்குக் குறையாத நீளமுள்ள வேறொரு கூண்டைத் தயாரித்து, இரண்டையும் ஒன்றாய் அதனுள் விட வேண்டும். புதுக்கூண்டுக்கு வழியில்லையேல், பழையதைக் கழுவி, கொம்புகளையும் கலங்களையும் இடம் மாற்றி, வேறிடத்தில் வைத்துப் புதிதுபோல் ஆக்கிக்கொள்ளலாம். இரண்டு பறவைக்கு மூன்று தீனிக்கலங்களை ஒன்றுக்கொன்று தூரமாய் வைக்க வேண்டும். உயர்ந்த கொம்புகள் இரண்டும் சம உயரத்தில் இருத்தல் வேண்டும். முட்டைப் பெட்டியை எடுத்துவிட வேண்டும். பெட்டி உள்ளவிடத்திற் போர் உண்டு. வீட்டில் ஆள் இருக்கும் நாளிற் காலை வேளையில் இதைச் செய்து, முதல் சில இரவுகளில் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றுவது உத்தமம்.

சேர்த்த பின்னரும் இரு வாரங்கள் எடையைப் பார்த்துவர வேண்டும். சண்டை கண்ணிற் படாமலே வலியது எளியதைத் தீனியண்டை வரவொட்டாமல் தடுப்பதுண்டு. இளங்கிளியின் எடை குறைந்தால் அதுவே காரணம் என்று ஊகித்து, ஒரு படி பின்னே செல்ல வேண்டும். எத்தனை முறை முயன்றும் ஒத்துப்போகாத பறவைகளும் உண்டு. அவற்றை அருகருகான இரு கூண்டுகளில் வைத்தாலே போதும். குரல் கேட்டுக்கொண்டு சுகமாய் வாழும். முட்டையோ குஞ்சோ உள்ள ஜோடியிடம் மூன்றாவதைச் சேர்க்க நினைப்பதே கூடாது.

7. பிற இனப் பறவைகள்

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு பறவை ஆஸ்திரேலியாவின் சிறுகிளி. 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்பது வேறு இனம். முன்னது குறும்பு மிக்கதாயினும், விசாலமான பறவைச்சாலையில் கொண்டைக்கிளியுடன் பெரும்பாலும் ஒத்து வாழும். சிறு கூண்டில் வைத்தால் ஓயாமல் தொல்லை கொடுக்கும். பின்னது உருவிற் சிறியதேயாயினும் வன்மையான அலகுடையது. தன்னிலும் பெரிய கொண்டைக்கிளியின் கால்விரலைக் கடித்து ஊனமாக்கும். பெயரைக் கேட்டு மயங்கி இவ்விரண்டையும் மாற்றி வாங்கலாகாது.

கோழி, வாத்து, புறா ஆகியவற்றுடன் கிளியைச் சேர்ப்பது எக்காலத்தும் தகாது. நோய் இரு புறமும் பரவும் என்பதை மேலே கண்டோம். குடற்புழுவும், கோழிச் செள்ளும் கிளிக்கு வரும். கூண்டைக் கோழிக் கொட்டகையிலேனும், அதன் காற்று வீசும் பக்கத்திலேனும் தொங்கவிடாமல் இருத்தல் வேண்டும்.

8. நினைவிற் கொள்ளத்தக்கவை

(1) நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பது சட்ட விரோதம்.

(2) தானே தின்னக் கற்ற குஞ்சையே வாங்குக.

(3) கூண்டுக்கு உயரத்தைவிட நீளமே முக்கியம்; சமையலறையிற் கூண்டு கூடாது.

(4) 30 முதல் 45 நாட்கள் தனியறை. பழைய பறவைகளைக் கவனித்த பின்னரே புதியது.

(5) எச்சத்தை நனைத்துச் சுத்தம் செய்க, கை கழுவுக.

(6) தூரம், அருகாமை, பொதுவிடம், பொதுக்கூண்டு என்னும் நான்கு படிகளில் ஒன்றையும் தாண்டலாகாது.

(7) கோழிக் கொட்டகைக்கும் கிளிக்கூண்டுக்கும் எப்போதும் தூரம் இருக்கட்டும்.

இம்முறைகளுக்குப் பெரும் பணச்செலவு இல்லை. இரண்டு மாதப் பொறுமையே செலவு. அப்பொறுமையுள்ள வீட்டில் கிளியும் நெடுநாள் வாழும். கோழியும் குறைவின்றி முட்டையிடும். புதுப்பறவை வாங்க எண்ணுவோர் அதனைச் சந்தையிலிருந்து கொணர்வதற்கு முன்னரே, அதற்கெனத் தனியறையையும் தனிக்கூண்டையும் சித்தப்படுத்தி வைத்துக்கொள்வார்களாக.